‘உங்க சாய்ஸ்தாங்க மேடம்’

எடை குறைக்கும் ஆபரேஷன் என்றால் நம் ஊரில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: “எத்தனை கிலோ குறையும்?” மருத்துவமனை விளம்பரம் அதைத்தான் பேசுகிறது. கவுன்சலிங் அறையில் அதைத்தான் சொல்கிறார்கள். சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். உழவர் சந்தையில் தக்காளி வாங்குகிற மாதிரி எல்லாம் கிலோ கணக்கு.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்கிறவர்கள் ஏமாறுகிறார்கள் என்பது என் வாதம். கேட்க வேண்டியவை வேறு நாலு கேள்விகள். எதை வெட்டி எடுப்பீர்கள்? அதில் எதைத் திரும்ப வைக்க முடியாது? பத்து வருடம் கழித்து நான் எந்தத் தொல்லையோடு வாழ்வேன்? அப்போது என்னை யார் பார்ப்பார்கள்? இந்த நாலுக்கும் பதில் சொல்லாமல், ஆபரேஷன் பெயரையும் விலையையும் ஒரு தாளில் எழுதி நீட்டிவிட்டு, “ஃபைனலா உங்க சாய்ஸ்தாங்க மேடம்” என்று சொல்வதற்கு நோயாளியின் உரிமை என்று யாரும் என்னிடம் பெயர் சூட்ட வேண்டாம். வயித்தைக் கிழிக்கிறவர் தன் பொறுப்பை வயித்துக்காரி தலையில் கட்டுகிற வேலை அது.

இதைப் பேச உனக்கென்ன தகுதி என்றால், 112 கிலோ. உயரம் 158 செ.மீ. கணக்குப் போட்டால் பிஎம்ஐ 45க்கு ஒரு நூல் கீழே. ஆறு வருடமாகச் சுகர். படுத்தால் புளித்தண்ணி தொண்டை வரைக்கும் ஏறும் என்பதால் மூன்று தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூக்கம். நான் இருப்பது சூரமங்கலம். சேலம் ஜங்ஷன் எங்கள் ஏரியாவில்தான் இருக்கிறது. அதனால் சென்னையும் கோயம்புத்தூரும் எனக்கு ஒரு ரயில் தூரம். போன வருடம் மூன்று ஊரிலும் ஒவ்வொரு தனியார் மருத்துவமனையில் காட்டினேன்.

சேலத்தில் ஸ்லீவ் என்றார்கள். கோயம்புத்தூரில் மினி பைபாஸ். சென்னையில் ரூ-ஆன்-ஒய் பைபாஸ். என் இரைப்பை மாறவில்லை, ஊர்தான் மாறியது. மூன்றில் ஒரே ஒரு இடத்தில்தான் “படுத்தா எரியுதாம்மா?” என்று கேட்டு எண்டோஸ்கோப்பி எழுதினார்கள். அதில் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருப்பதும், இரைப்பையின் தலைப்பகுதி உதரவிதானத்தின் ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது. ஹையாடஸ் ஹெர்னியா என்று எழுதினார்கள். மற்ற இரண்டு இடத்தில் இது தெரியாமலேயே தேதி குறிக்கத் தயாராக இருந்தார்கள். ஓர் இடத்தில் “இந்த மாசம் புக் பண்ணா பேக்கேஜ்ல குறைச்சுத் தர்றோம்” என்றும் சொன்னார்கள்.

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் ஏன் முக்கியம்? அதற்கு இந்த ஆபரேஷன்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். விளம்பரத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

ஸ்லீவ் என்பது இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாயாகத் தைத்துவிடுவது. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி குறைகிறது. குடலைத் தொடுவதில்லை. இன்று உலகத்தில் அதிகம் செய்யப்படும் எடை குறைப்பு ஆபரேஷன் இதுதான். ஆனால் அகலமான பையாக இருந்தது குறுகிய குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் அமிலத்தை மேலே தள்ளும். நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் புதிதாக வரலாம்.

ரூ-ஆன்-ஒய் பைபாஸில் இரைப்பையின் உச்சியில் கிட்டத்தட்ட 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலின் ஒரு துண்டை மேலே இழுத்து அதோடு இணைக்கிறார்கள். குடல் இணைப்பு ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இருக்கும். அந்த முறையைப் பிரபலமாக்கிய சுவிஸ் அறுவை மருத்துவர் சீசர் ரூவின் பெயர் அதற்கு வந்தது. பழைய இரைப்பை உள்ளேயே இருக்கும், சோறு மட்டும் அதற்குள் போகாது. சாப்பாடு குடலுக்குச் சீக்கிரம் போவதால் இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன. பலருக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சுகர் இறங்குவது இதனால்தான். இதற்கும் விலை உண்டு. அல்வா ஒரு துண்டு கூடுதலாகப் போனால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரலாம். டம்பிங் என்பார்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், இணைப்பில் புண் வரும். வருடங்கள் கழித்து உள்ளே குடல் சிக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. மூடிவைத்த பழைய இரைப்பைக்குள் வழக்கமான எண்டோஸ்கோப்பியை விட்டுப் பார்க்கவும் முடியாது.

மினி பைபாஸ் 1997இல் ராபர்ட் ரட்லெட்ஜ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிய முறை. நீளமான இரைப்பைக் குழாய், குடலோடு ஒரே ஓர் இணைப்பு. நேரம் குறைவு, எடையும் நன்றாகக் குறையும். ஆனால் பித்தநீர் அந்த இணைப்பு வழியாகவே போவதால் அது இரைப்பைக்குள் ஏற வாய்ப்பு உண்டு. குடலில் அதிக தூரம் தாண்டிவிடுவதால் சத்தும் குறைவாகவே ஒட்டும்.

இப்போது கிலோ கணக்குக்கு வருவோம். பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் ஸ்லீவ், ரூ-ஆன்-ஒய் என்று இரண்டாகப் பிரித்துப் பத்து வருடம் தொடர்ந்தார்கள். முடிவுகள் 2022இல் வந்தன. கூடுதலாக இருந்த எடையில் ஸ்லீவ்காரர்கள் இழந்தது 43.5 சதவீதம், பைபாஸ்காரர்கள் இழந்தது 50.7 சதவீதம். ஏழு சதவீதப் புள்ளி வித்தியாசம். இதை மட்டும் பார்த்தால் “ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க, சிம்பிளா ஸ்லீவ் பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிடலாம், சொல்கிறார்கள். அதே ஆய்வில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். சுவிட்சர்லாந்தின் ஐந்து வருட ஆய்விலும் அதே கதைதான்: ஏற்கெனவே இருந்த எதுக்களிப்பு இன்னும் மோசமானது ஸ்லீவில் 31.8 சதவீதம் பேருக்கு, பைபாஸில் 6.3 சதவீதம் பேருக்கு. மூன்று தலையணைக்காரிக்கு இதில் எந்த எண் முக்கியம்? கிலோவா, எரிச்சலா?

மினி பைபாஸையும் பிரான்ஸில் 253 பேரை வைத்து ரூ-ஆன்-ஒய்யோடு ஒப்பிட்டார்கள். 2019இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் எடைக் குறைவு சமம். சத்துக் குறைபாட்டால் வந்த தீவிரப் பிரச்சினைகள் மட்டும் மினி பக்கத்தில் ஒன்பது, எதிர்ப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. இங்கேயும் கிலோவை மட்டும் கேட்டவருக்கு “ரெண்டும் சமம்” என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

ஆகவே ஸ்லீவ் மோசம், பைபாஸ் நல்லது என்று நான் கொடி பிடிக்கவில்லை. என் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள், எனக்கு அக்கா. எடையில் எனக்குக் கொஞ்சம் குறைவு. முடக்குவாதத்துக்காகத் தினமும் வலி மாத்திரை போடுகிறவள், நெஞ்செரிச்சல் என்றால் என்னவென்றே தெரியாது. அவளுக்கு பைபாஸ் செய்தால் அந்த மாத்திரை அவளைப் புண்ணாக்கிவிடும், அவளுக்கு ஸ்லீவ்தான் யோசிக்கத் தக்கது. எனக்கு அது ஆகாது. ஒரே குடும்பம், ஒரே சாப்பாடு, இரண்டு பதில். இந்த வித்தியாசம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

“டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்று கேட்பவர்களுக்கு இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1950களில் அமெரிக்காவில் குடலின் பெரும்பகுதியைத் தாண்டவிடும் ஆபரேஷன் தொடங்கியது. எடை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கிலோ கணக்கில் அதை மிஞ்ச ஆள் இல்லை. அப்புறம் கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது, 1980களுக்குள் கைவிட்டார்கள். 1966இல் முதல் பைபாஸைச் செய்த அயோவாவின் எட்வர்ட் மேசனே, 1980இல் இரைப்பையைத் தைத்துப் பட்டை போடும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்கச் செய்தார்கள், இன்று யாரும் செய்வதில்லை. அப்புறம் சிலிக்கான் பேண்ட் வந்தது. “வெட்டே இல்லை, கழட்டிக்கலாம்” என்றார்கள். நிறையப் பேருக்கு உண்மையிலேயே கழற்ற வேண்டி வந்தது. இன்றைய ஸ்லீவும் தனி ஆபரேஷனாகப் பிறந்ததல்ல. மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்று 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் யோசித்தபோது, அதன் முதல் கட்டமாக இருந்தது. முதல் கட்டத்திலேயே எடை குறைந்ததால் பலருக்கு இரண்டாவது கட்டம் தேவைப்படவில்லை. பாதி ஆபரேஷன் முழு ஆபரேஷனானது.

இந்த ஆபரேஷன்கள் ஆயுளைக் கூட்டுகின்றன என்பதற்கான மிகப் பெரிய ஆதாரம் 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆய்வு. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்யாத அதே மாதிரி ஆட்களைவிட மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். நான் அதை நம்புகிறேன், அதனால்தான் ரயில் ஏறினேன். ஆனால் அந்த ஆய்வில் பெரும்பாலானவர்களுக்குச் செய்யப்பட்டது மேசனின் அந்தப் பட்டை முறை, இன்று வழக்கொழிந்தது. ஆக, மருத்துவர்களின் நேற்றைய உறுதி இன்றைய பழங்கதையாகிற துறை இது. இங்கே நோயாளி கேள்வி கேட்பது திமிர் கிடையாது, தேவை.

ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது. ஆயிரம் ஸ்லீவ் செய்த கை, பத்தே பைபாஸ் செய்திருந்தால், அந்தக் கையிடம் ஸ்லீவ் செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. பழகிய கையில் இந்த ஆபரேஷன்களால் ஏற்படும் மரணம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். பழக்கம் பெரிய விஷயம். ஆனால் அதை அப்படியே சொல்லலாமே? “எனக்கு இது நல்லா வரும்மா, உங்களுக்கு வேண்டியது வேற, அதுக்கு இன்னார்கிட்ட போங்க” என்று சொல்கிற டாக்டரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். தனக்குக் கைவந்ததை ‘உங்களுக்கு ஏற்றது’ என்று பெயர் மாற்றி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடை குறைக்கும் ஆபரேஷனுக்காகப் போய் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரித்தது, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த வாரம் எங்கள் தெருவில் நான் கேட்ட பேச்சு என்ன தெரியுமா? “வாயைக் கட்டியிருந்தா போகாதுல்ல உசிரு.” எந்த இடத்தில் என்ன வசதி இருந்தது, இதயத்தைப் பரிசோதித்தார்களா, ஐசியு எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செத்தவன் குண்டு என்பதே காரணமாகப் போதுமானதாக இருந்தது. குண்டாக இருப்பவர்கள் விலைப்பட்டியலை எதிர்த்துக் கேள்வி கேட்காததற்கும் இதுவே காரணம். நம் தப்புக்கு நாம் தண்டம் கட்டுகிறோம், இதில் என்ன பேரம் என்று கூனிப்போய் உட்கார்ந்திருக்கிறோம்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள், ஆண்களில் 37 சதவீதம். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வாய் அடங்காமல் போய்விட்டது என்று நம்புகிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. அதே மாதிரி, “உடலை அப்படியே நேசி, கத்தி வைப்பது சரணாகதி” என்று இங்கே அழகாக எழுதும் என் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. என் உடலை நான் நேசிக்கிறேன். அதன் கால் மரத்துப் போவதையும் கண் மங்குவதையும்தான் நேசிக்க முடியவில்லை. உங்கள் கவிதை என் சுகரைக் குறைக்காது.

“இப்பதான் ஊசி வந்துடுச்சே” என்பவர்கள் அடுத்த ரகம். டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, எடைக்கான செமாகுளூடைட் அதே ஜூனில். நல்ல மருந்துகள்தான். சிலருக்குக் கத்தியே தேவையில்லாமல் போகலாம். ஆனால் செமாகுளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. அதாவது மாதா மாதம் பணம், பல வருடம். ஊசியை நிறுத்தலாம், வெட்டிய இரைப்பையை ஒட்ட முடியாது. எடை போட வேண்டியது இதைத்தான். அங்கேயும் நாம் கேட்பது “எத்தனை கிலோ?”

கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களின் கதை இன்னும் கொடுமை. கவுன்சலிங் அறைக்கு வெளியே நான் பார்த்த பெண்களில் பாதிப் பேர் அம்மாவோடு வந்தவர்கள். “தை மாசத்துக்குள்ள முடிச்சிடலாங்களா?” என்று ஓர் அம்மா கேட்டார். முடித்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது மருத்துவ வழக்கம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக ஒட்டாமல் போகலாம், வேறு வழி பார்க்க வேண்டும். தையில் ஆபரேஷன், வைகாசியில் கல்யாணம், ஆவணியில் மாமியார் “விசேஷம் உண்டா?” என்று கேட்பார். இதை அந்த அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோவில் தெரிவது கிலோதான், ஹீமோகுளோபின் தெரியாது.

இன்சூரன்ஸும் அப்படித்தான். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்தது. பிஎம்ஐ 40, அல்லது 35உடன் கட்டுப்படாத சர்க்கரை, தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், இதயநோய் போன்றவை இருந்து, மற்ற வழிகளும் தோற்றிருந்தால், எடைக்கான ஆபரேஷனை விலக்குப் பட்டியலில் தள்ள முடியாது. நல்ல விதி, என் மாதிரி ஆட்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் என் பாலிசி மூன்று நாள் கட்டிலுக்குப் பணம் தரும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டிக்குத் தராது. இந்த மாத்திரைகளை விட்டுவிட்டால் ரத்தசோகை, எலும்புத் தேய்வு, நரம்புப் பாதிப்பு. தொடர்ந்து வாந்தி எடுத்து வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் மூளையே பாதிக்கும். ஆபரேஷனுக்குச் சென்னை போகலாம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஒரு மாத்திரையைக் கூட்டிக் குறைக்க, ஒவ்வொரு முறையும் ஜங்ஷனில் டிக்கெட் எடுக்க வேண்டுமா? எத்தனை பேர் எடுப்பார்கள்? இரண்டாவது வருடத்தில் அலுத்து நின்றுவிடுவார்கள். எடை ஏறினால் “நீங்க ஃபாலோ பண்ணல மேடம்” என்று அதுவும் நம் தலையில்தான் விழும்.

மூன்று இடத்திலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஆபரேஷன் பண்ணவங்கள்ல எத்தனை பேர் இன்னும் உங்ககிட்ட வர்றாங்க?” இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஓர் இடத்தில் “அதெல்லாம் டேட்டா எடுக்கணும் மேடம்” என்றார்கள். எத்தனை கிலோ குறைந்தது என்ற டேட்டா மட்டும் வரவேற்பறைச் சுவரில் ஆளுயர போட்டோவாக மாட்டியிருந்தது.

நான் ரூ-ஆன்-ஒய் என்று முடிவு செய்திருக்கிறேன். சுகரும் எதுக்களிப்பும் சேர்ந்த உடம்புக்கு அதுதான் பொருந்துகிறது. பண்டிகை இனிப்பை இனிப் பயந்துதான் தொட வேண்டும், தலைவலிக்குக்கூட யோசித்துத்தான் மாத்திரை போட வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். தட்டு வடை செட்டு ஒன்றோடு நிறுத்த வேண்டிவரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். எத்தனை கிலோ குறையும் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாள் மட்டும் கேட்டிருக்கிறேன். அதில் என் எண்டோஸ்கோப்பி முடிவும், இந்த ஆபரேஷனை அந்த டாக்டர் எத்தனை முறை செய்திருக்கிறார் என்பதும், அவர்களுடைய நோயாளிகளுக்குப் பிறகு வந்த தொல்லைகளும், சேலத்தில் என்னைத் தொடர்ந்து பார்க்கப்போகும் டாக்டரின் பெயரும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். இன்னும் தரவில்லை. “அப்படி ஒரு ஃபார்மட் எங்ககிட்ட இல்லீங்க” என்கிறார்கள்.

இல்லையென்றால் உருவாக்கட்டும். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும் அது உதவும். அந்தத் தாளைப் படித்துவிட்டு நான் போடுகிற கையெழுத்துதான் என் சாய்ஸ்.